அந்தச் சிவப்புக் கொடி எங்களுடையது அல்ல

2018-ஆம் ஆண்டு போகி, ஜனவரி 13, சனிக்கிழமை. அன்று காலை புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். வடசென்னையில் அந்தப் புகை இன்னும் கெட்டியாக இருந்தது. தெருவுக்குத் தெரு பழைய பாய், டயர் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மார்கழிப் பனி அந்தப் புகையை மேலே போகவிடாமல் அமுக்கி வைத்திருந்தது. அந்தக் காலையில்தான், எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் சைடிங்கில் (சரக்கு ஏற்றி இறக்குவதற்கான கிளைத் தண்டவாளம்), நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டி என் இடது கால்மேல் ஏறியது. இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகு பதினோரு மாதம் நான் அலைந்த அலைச்சலை வேறு யாரும் அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ரயில் பெட்டிகளுக்கு அடியில் வேலை செய்கிறவர்களும், அப்படிப்பட்ட பிள்ளையோ கணவனோ வீட்டில் இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். கேட் போட்டால் அரைமணி நேரம் திறக்காத ஊர் அது. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே, நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போய்விடுவோம். பையை முதலில் தள்ளிவிட்டு, பிறகு நாங்கள் நுழைவோம். பெரியவர்களும் அப்படித்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தால் நிற்கிற வண்டியைச் சுவர் மாதிரி நினைக்கும் புத்தி எனக்குள் ஊறிவிட்டது. பின்னாளில் ஒப்பந்தக்காரரிடம் வேகன் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே புத்தியோடுதான் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், நிலக்கரி இறக்கும்போது இயந்திர வாளி பட்டு வேகன் கதவுகள் வளைந்துவிடும், கொண்டிகள் பிடுங்கிக்கொள்ளும். அவற்றை அடித்து நிமிர்த்தி, கொண்டி போட்டு, தேவையான இடத்தில் வெல்டிங் வைத்துக் கதவை மூட வேண்டும். எங்கள் குழுவில் மேஸ்திரியைச் சேர்த்து ஐந்து பேர். நாளுக்கு 480 ரூபாய் கூலி.

ஒரு ரேக் என்றால் 58 வேகன். முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை 600 மீட்டருக்கு மேல் வரும். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு முனையும் தெரியாது, வளைவில் நின்றால் ஒரு முனைகூடத் தெரியாது. வண்டியைப் பரிசோதிக்கும் ரயில்வே ஊழியர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன் ரேக்கின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி வைப்பார்கள். இரவானால் சிவப்பு விளக்கு. ஆள் வேலையில் இருக்கிறான், எஞ்சினைக் கொண்டுவந்து இணைக்காதே, வண்டியை அசைக்காதே என்று அதற்கு அர்த்தம். பார்த்து முடித்ததும் எடுத்துவிடுவார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அவர்கள் கொடி வைத்ததைப் பார்த்ததும் எங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். எங்களுக்கென்று கொடி கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சரி என்று நம்பினோம்.

அன்று விடியற்காலை 5 மணிக்கு வேலை தொடங்கியது. பண்டிகை நாள், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேஸ்திரி எங்களைப் பிரித்து அனுப்பினார். எஞ்சின் வரும் முனையிலிருந்து எண்ணினால் 42-ஆவது வேகனில் நான் மட்டும். மற்றவர்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று புகையில் தெரியவில்லை. பக்கத்து வேகனே நிழல் மாதிரிதான் தெரிந்தது. காலையில் உள்ளே வரும்போது முனையில் கொடியைக் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு ஒரு மணி நேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அந்தப் புகையில் தெரிந்திருக்காது. இடையில் பரிசோதனைக்காரர்கள் தங்கள் வேலையை முடித்து, முறைப்படி தங்கள் கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அவர்களுடைய கொடியை அவர்கள் எடுத்தார்கள். நாங்கள் ஐந்து பேர் உள்ளே இருக்கிறோம் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். வண்டி நகர்வதற்குச் சில நிமிடம் முன்பே அது எனக்குச் செய்தி சொன்னது. எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. கதவின் கீழ்க் கொண்டியை அடித்துக்கொண்டிருந்தபோது காலுக்குப் பக்கத்தில் குழாயில் 'உஸ்ஸ்' என்று காற்று ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்த பிரேக் பிளாக் 'டக்' என்று விலகியது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். யாரோ காற்றுச் சோதனை செய்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த கொண்டியை எடுத்தேன். உண்மையில் மறுமுனையில் எஞ்சின் வந்து இணைந்து, வண்டி முழுவதற்கும் காற்று ஏற்றிக்கொண்டிருந்தது. கூட்ஸ் வண்டிகளில் பிரேக் குழாயில் காற்று ஏறினால் பிரேக் விடும், காற்று இறங்கினால் பிரேக் பிடிக்கும். நம் மிதிவண்டி பிரேக் நினைப்போடு பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். எஞ்சின் வந்து இடித்த அதிர்வு பிரேக் பிடித்திருந்த முன்வேகன்களிலேயே அடங்கிவிட்டதால் 42-ஆவது வேகன் வரை அது வரவில்லை. காற்றுதான் வந்தது. ஆகவே, நிற்கிற வண்டியில் வேலை செய்யும்போது குழாயில் காற்று ஏறும் சத்தம் கேட்டாலோ, பிரேக் பிளாக் சக்கரத்தைவிட்டு விலகினாலோ, கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஏன், எதற்கு என்பதை வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம்.

அடித்த வேகத்தில் கொண்டி தெறித்து உள்ளே விழுந்தது. அதை எடுக்க உடம்பில் பாதியை உள்ளே விட்டுக் குனிந்தேன். இடது கால் தண்டவாளத்துக்குக் குறுக்கே, சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. தூரத்திலிருந்து இரும்பு இழுபடும் சத்தம் ஒவ்வொரு வேகனாகத் தாவி என்னை நோக்கி ஓடி வந்தது. தட், தட், தட் என்று. அதைக் கேட்டு உடம்பு தானாகவே பின்னால் துள்ளியது. முழுக் காலும் வெளியே வந்துவிட்டது, முனை மட்டும் வரவில்லை. போட்டிருந்தது சாதாரணக் கேன்வாஸ் ஷூ. வலி உடனே தெரியவில்லை. காலை யாரோ தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது போல இருந்தது, பிறகு விட்டுவிட்டது போல இருந்தது. ஜல்லிமேல் மல்லாந்து கிடந்தேன். மீதி 16 வேகன்களும் என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போயின. கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் பிரேக் வேன் போனது, அதன் சிவப்பு விளக்கு புகைக்குள் மறைந்தது. வண்டியில் இருந்த யாருக்கும் இப்படி ஒன்று நடந்தது தெரியவே தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் என்னைத் தூக்கத்தில் எழுப்புவது கால் நசுங்கியது இல்லை, அந்த விளக்கு அமைதியாகப் போனதுதான்.

எங்கள் குழுவில் இருந்த சின்னப் பையன்தான் முதலில் ஓடி வந்தான். "அண்ணே, அண்ணே" என்று அழுதுகொண்டே தன் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டினான். பிறகு அவன் செய்த ஒரு காரியம் பின்னால் என்னைக் காப்பாற்றியது. தண்டவாளத்தின் பக்கத்தில் கிடந்த என் ஷூவையும், கதவுக் கொண்டியையும், ரத்தத்தையும் செல்போனில் நான்கைந்து படம் எடுத்து வைத்தான். நேரமும் தேதியும் அதில் பதிந்திருந்தன. அப்போது எனக்கு அது கோபத்தைத்தான் கொடுத்தது.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு மினி லாரியில் என்னை ஏற்றினார். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரும்வரை ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். "தம்பி, தண்டவாளத்தில் அடிபட்டது என்று சொன்னால் போலீஸ் வரும், ரயில்வே வழக்குப் போடும், அனுமதி இல்லாமல் உள்ளே போனாய் என்று உன்னைத்தான் பிடிப்பார்கள். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் காலில் விழுந்துவிட்டது என்று சொல். செலவு மொத்தமும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." நான் பயந்துபோய் அப்படியே சொன்னேன். டூட்டி டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, "மோட்டார் சைக்கிள் விழுந்து இப்படி நசுங்குமா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினேன். அவர் விபத்துப் பதிவேட்டில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியின் விலை எனக்குப் பதினோரு மாதம்.

அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவர் எப்படி அடிபட்டார் என்று எழுதும் அந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். போலீஸ், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ., நீதிமன்றம், வேறு காப்பீடு, எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எவ்வளவு வலியில் இருந்தாலும், யார் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினாலும், வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது என்றால் அப்படியே சொல்லுங்கள். எந்த இடம், என்ன நேரம், என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும். அந்த ஆள், செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னாரே, முதல் வாரத்தில் 5,000 ரூபாய் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கூலியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று தெரியும், ஆனால் என் எண் என்ன என்று எனக்குத் தெரியாது. அட்டை கையில் வந்ததே இல்லை. மாமா ஒருவர் சொல்லித்தான் கிளை அலுவலகத்துக்கே போனேன். ஊன்றுகோலோடு மூன்று பஸ் மாறிப் போன பிறகு அங்கே இருந்த அம்மா பொறுமையாகத் தேடி என் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்று தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். வேலையில் அடிபட்டால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். உறுப்பு இழந்திருந்தால் மருத்துவக் குழு பார்த்து இழப்பை நிர்ணயிக்கும், அதற்குத் தனியாகப் பணம் உண்டு. இவ்வளவும் எனக்கு இருந்தது. ஆனால் என் ஏ.ஆர். காப்பியில் மோட்டார் சைக்கிள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொய்யைத் துடைக்கும் வேலை. சைடிங்கின் வாசல் பதிவேட்டில் அன்று காலை 4:50-க்கு நான் உள்ளே வந்ததற்குக் கையெழுத்து இருந்தது, வெளியே போனதற்கு இல்லை. அந்தப் பக்கத்தின் நகலை வாங்க நான்கு மாதம் ஆனது. சின்னப் பையனின் படங்கள், 6:20-க்கு அவன் மேஸ்திரியை அழைத்த அழைப்பு விவரம், அவனும் இன்னொருவரும் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு அலைந்தேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்ததற்காக அந்தப் பையனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராதது. டிசம்பரில்தான் வேலையில் நேர்ந்த காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். நிலுவையாக 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வந்தது.

பணம் வந்தது என்று படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். அதற்குள் ஐந்தரை மாதம் ஒரு பைசா கூலி இல்லை. பெரியவள் அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. என் மனைவியின் மூன்று சவரன் சங்கிலியை 45,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். வட்டி கட்ட முடியாமல் நவம்பரில் ஏலம் போய்விட்டது. பணம் வந்தது டிசம்பரில். ஒரே ஒரு மாதம்! ஏ.ஆர். காப்பியில் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சங்கிலி இன்றைக்கும் அவள் கழுத்தில் இருந்திருக்கும். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, அது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

கால் ஓரளவு ஆறிய காலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போய் உட்காருவேன். ரயில்வேயில் வண்டிப் பரிசோதகராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கொடி யாருடையது?" நான் பரிசோதனைக்காரர்களுடையது என்றேன். "அப்படியானால் அது அவர்களுடைய உயிருக்கு வைத்த கொடி. அடுத்த வீட்டுக் குடைக்குக் கீழே நின்றாய் தம்பி. அவர்கள் குடையை மடக்கிக்கொண்டு போனார்கள், நீ நனைந்தாய்" என்றார்.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டவிதி இருப்பதையும் அவர்தான் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். அங்கே வண்டியில் ஆள் வேலை செய்கிறான் என்பதைக் காட்டுவது நீலக் கொடி, இரவில் நீல விளக்கு. சிவப்பு வேறு பல காரணங்களுக்கும் இருக்கும், நீலம் இதற்கு மட்டும். நீலம் தொங்கும் வண்டியை நகர்த்தவும் கூடாது, அதோடு எதையும் இணைக்கவும் கூடாது. அந்தக் கொடியை மறைக்கும்படி அதே தடத்தில் வேறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தவும் கூடாது. எஞ்சினோடு சேர்ந்த வண்டி என்றால் ஓட்டுநர் கண்ணில் படும்படி எஞ்சினிலும் வைக்க வேண்டும். எனக்கு நெஞ்சில் தைத்த விதி அடுத்தது. கொடியை எந்தப் பிரிவு ஆட்கள் வைத்தார்களோ, அதே பிரிவு ஆட்கள்தான் எடுக்கலாம். ஒரே வண்டியில் இரண்டு பிரிவு வேலை செய்தால் இரண்டு பிரிவும் தத்தம் கொடியை வைக்க வேண்டும். ஒரு கொடி போனாலும் மற்றது நிற்கும். அன்று அங்கே இரண்டாவதாக ஒரு கொடி இருந்திருந்தால் என் கால் முழுதாக இருந்திருக்கும்.

நம் ஊரில் நீலம் இல்லை, சிவப்புதான். ஆனால் ஒவ்வொரு குழுவும் தன் கொடியைத் தானே வைப்பதை யாரும் தடுக்கவில்லை. இப்போது நான் வேறொரு சைடிங்கில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு மேஸ்திரி. என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். உள்ளே போவதற்கு முன் ஷண்டிங்கை, அதாவது வேகன்களை நகர்த்திச் சேர்ப்பதையும் பிரிப்பதையும், கவனிக்கும் அதிகாரியிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணி என்பது அதில் இருக்கும். வாயால் சொன்னது செல்லாது, பணி மாறும்போது சொன்னவரும் போய்விடுவார், கேட்டவரும் போய்விடுவார். இரண்டு முனையிலும் கொடி நடுகிறோம். ஒரு முனை தடுப்புக் கட்டையில் முடிகிற தடமாக இருந்தாலும் நான் இரண்டிலும் நடுவேன். அந்தத் தடத்துக்குள் வண்டி நுழையும் பாயிண்ட்டை வேறு பக்கம் திருப்பிப் பூட்டச் சொல்கிறோம், சாவி வேலை முடியும்வரை என் சட்டைப் பையில் இருக்கும். ஆரம்பத்தில் சாவி கொடுக்கத் தயங்கினார்கள். என் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன், கொடுத்துவிட்டார்கள்.

கொடி வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதையும் மனதில் வையுங்கள். கொடி ஆளுக்குச் சொல்லும், சக்கரத்துக்குச் சொல்லாது. எஞ்சின் கழற்றிய வண்டியில், பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது குழாய்க் காற்று இல்லை, ஒவ்வொரு வேகனிலும் இருக்கும் பிரேக் உருளையின் காற்று; அது மெல்லக் கசிந்து மணிக்கணக்கில் பிரேக் தளர்ந்துவிடும், லேசான சரிவு இருந்தாலும் தானாக உருளும். ஆகவே கை பிரேக்கைச் சுற்றி இறுக்கி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். கல்லை வைப்பது கட்டை ஆகாது, ஜல்லிக்கல் நொறுங்கிவிடும்.

கொடியை எடுப்பதற்கு முன் தலை எண்ண வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒரு தகரச் சில்லு வைத்திருக்கிறோம், பெயர் எழுதியது. உள்ளே போகும்போது கொடிக் கம்பில் இருக்கும் ஆணியில் மாட்டுவார்கள், வெளியே வந்ததும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சில்லு தொங்கினாலும் கொடி அசையாது. ஒரு நாள் ஒருவர் சில்லை எடுக்க மறந்து டீ குடிக்கப் போய்விட்டார். நாற்பது நிமிடம் வண்டி காத்து நின்றது, ஏச்சுப் பேச்சு எல்லாம் கேட்டேன். அவர் வந்து தன் கையால் எடுத்த பிறகுதான் கொடியைப் பிடுங்கினேன்.

சித்திரை வெயிலில் வேகனுக்கு அடியில் நிழல் கிடைக்கிறது என்று சாப்பாட்டு டப்பாவோடு அங்கே உட்காரும் பழக்கம் எல்லா யார்டிலும் இருக்கிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். வேலை நேரத்திலாவது கொடி இருக்கும், சாப்பாட்டு நேரத்தில் எடுத்திருப்பார்கள். கொளுத்தும் வெயிலில் வேறு இடம் இல்லையே என்பது உண்மைதான். அதற்கு ஒரு தார்ப்பாய்ப் பந்தல் கேளுங்கள், கொடுக்கும்வரை கேளுங்கள். அதேபோல, யாராவது உள்ளே இருக்கும்போது வண்டி நகரப்போவதைப் பார்த்தால் கொடியைத் தேடி ஓடாதீர்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே முழுவதும் தூக்கி ஓட்டுநரின் கண்ணில் படும்படி நில்லுங்கள், அதற்கு நில் என்று அர்த்தம். இரவில் சிவப்பு விளக்கு கையில் இல்லையென்றால் எந்த வெள்ளை விளக்கையும் உடம்புக்குக் குறுக்கே வேகமாக வீசுங்கள், செல்போன் விளக்காக இருந்தாலும் சரி. அதையும் நில் என்றே எடுத்துக்கொள்வார்கள். இது ரயில்வேயின் கைச் சைகை, எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். பச்சைக் கொடியை மட்டும் தெரியாதவர் தொடக் கூடாது. ஷண்டிங்கில் அதை மேலும் கீழும் ஆட்டினால் ஓர் அர்த்தம், பக்கவாட்டில் ஆட்டினால் வேறு அர்த்தம்.

கொடித் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் கொடி என்ற பெயரில் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஆறு மாத வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிடும். நிலக்கரித் தூசி படிந்தால் பழுப்பாகிவிடும். யார்டில் எரியும் மஞ்சள் விளக்கின் கீழே அது அழுக்குத் துணி மாதிரிதான் தெரியும். ஓட்டுநருக்கு நூறு மீட்டருக்கு அப்பால் தெரியாத கொடி இருந்து என்ன பயன்? இரவு என்றால் துணியை நம்பவே கூடாது, விளக்குதான், அதன் பேட்டரியை மாலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

நிறுவனம் தருகிற துணிக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நல்ல கெட்டிச் சிவப்புத் துணி நானே வாங்கினேன். எங்கள் தெருத் தையல்காரர் நான்கு கொடி தைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு தகரப் பலகையில் 'உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள், நாங்கள் எடுக்கும்வரை தொடாதீர்கள்' என்று எழுதிக் கீழே என் பெயரையும் போன் எண்ணையும் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கொடிகளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். கரித்தூசி போக என் மனைவிதான் துவைப்பாள், என்னிடம் விடமாட்டாள். மொட்டை மாடியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் நான்கு கொடியும் காயும். திங்கள் காலை சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைப்பதற்கு முன், நான்கும் இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பையில் வைத்துக் கொடுப்பாள்.